மணி அடித்தால் பாட்டு... பாட்டுக்குப் பின்னால் துட்டு!

ஒரு கிலோ கனத்தில் பிறந்த செல்போன், திருவாண்டார்கோயில் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்த கதை

(நமது சிறப்பு நிருபர்)

திருவாண்டார்கோயில்:

மாலை 6 மணி. விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பறக்கின்றன. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்த கூட்டம் திருவாண்டார்கோயில் நிறுத்தத்தில் இறங்குகிறது. சம்பந்தர் பாடிய வடுகூர் இதுதான். பஞ்சநதீஸ்வரர் கோயில் பக்கம் விளக்கு ஏற்றும் நேரம்.

இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். டீக்கடைக்காரர் காதில் ஒன்று. கீரைக்கட்டு விற்கும் அம்மாள் சுருக்குப் பையில் ஒன்று. கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் பெரியவர் இடுப்பு மடிப்பில் ஒன்று!

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இன்றைக்கு அதிசயம் இல்லைதான். ஆனால் 30 வருஷத்துக்கு முன்னால்?

அந்த ஒரு நிமிடப் பேச்சுக்கு என்ன விலை கொடுத்தார்கள், அப்புறம் அது எப்படி மலிந்தது, மலிந்த பிறகும் ஏழையின் காசு எந்த ஓட்டை வழியாக ஒழுகியது? இந்தக் கதை இந்தக் கடைத்தெருவில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் சம்பந்தப்பட்டது. வாருங்கள், பார்ப்போம்.

"காசு எங்கே தம்பி?"

நிறுத்தத்துக்கு அருகே ஒரு சின்னக் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், போன் கவர், கொஞ்சம் பிஸ்கட். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். "பேரெல்லாம் போடாதீங்க சார், வியாபாரம் பண்றவன்" என்ற நிபந்தனையோடு பேசினார்.

"முதல்ல எஸ்.டி.டி. பூத்து வெச்சேன் சார். அப்புறம் சுரண்டுற அட்டை. அப்புறம் ஈசி ரீசார்ஜ். இப்ப அதுவும் அவங்கவங்க போன்லயே போட்டுக்கறாங்க. ஆனா வயசானவங்க இன்னமும் இங்கதான் வருவாங்க."

பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஒரு சம்பவத்தை அவர் மறக்கவில்லை. தினமும் பூ கட்டி விற்கும் ஆயா ஒருவர், வாரம் ஒரு முறை 30 ரூபாய் போடுவாராம். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனோடு பேச.

"ஒரு நாள் காலைல வந்தாங்க. 'தம்பி, நேத்து சாயந்திரம்தான காசு போட்டேன்? இன்னும் ஒரு வார்த்தை பேசல. போன்ல பொம்பளை ஒருத்தி காசு இல்லன்றா. காசு எங்க தம்பி?'ன்னு கேட்டாங்க. என்னையே சந்தேகமா பார்த்தாங்க சார். எனக்கு உயிரே போயிடுச்சு!"

போனை வாங்கிப் பார்த்தார். ஆயாவுக்கு யார் போன் போட்டாலும் 'டிரிங் டிரிங்' இல்லை. ஒரு சினிமாப் பாட்டு! மாதக் கட்டணம் 30 ரூபாய். போட்ட காசு முழுவதும் சுளையாக அதற்குப் போய்விட்டது.

"ஆயா, நீங்க பாட்டு கேட்டீங்களா?"

"நான் எதுக்கு பா பாட்டு கேக்கறேன்? என்னமோ சத்தம் வந்துச்சு. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னா. நிறுத்தறதுக்கு எதையோ அமுக்கினேன். அவ்ளோதான்."

விஷயம் விளங்குகிறதா? நிறுத்துவதற்கு அமுக்கிய பொத்தான், வாங்குவதற்கான பொத்தான்! அந்தப் பாட்டை ஆயா ஒரு நாளும் கேட்க முடியாது. கூப்பிடுகிறவர் காதில்தான் அது ஒலிக்கும். தன் காசில் ஊராருக்குக் கச்சேரி!

ஒரு கிலோ கனம்... அரை மணிப் பேச்சு!

இந்தச் சின்னப் பெட்டி பிறந்த இடம் அமெரிக்கா. 1973 ஏப்ரல் 3ந் தேதி. நியூயார்க் நகர வீதியில் மோட்டோரோலா கம்பெனி என்ஜினீயர் மார்ட்டின் கூப்பர், செங்கல் மாதிரி ஒரு கருவியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். முதல் போன் யாருக்குத் தெரியுமா? போட்டிக் கம்பெனியான பெல் ஆராய்ச்சிக் கூடத்தின் ஜோயல் எங்கலுக்கு! "கைபோனில் இருந்து பேசுகிறேன்" என்று சொல்லி வெறுப்பேற்றினாராம்.

அந்தக் கருவியின் எடை ஒரு கிலோவுக்கு மேல். அது கடைக்கு வரப் பத்து வருஷம் ஆயிற்று. 1983ல் அனுமதி கிடைத்து விற்பனைக்கு வந்த மோட்டோரோலா டைனாடாக்கின் விலை 3,995 டாலர். பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம்! ஆனாலும் பணக்காரர்கள் வாங்கினார்கள். 'கையில் வைத்திருப்பதே கௌரவம்' என்றுதான் விற்றார்கள். செல்போன் விளம்பரத்தின் முதல் பாடம் அங்கேதான் ஆரம்பம். பேச்சை விற்கவில்லை, பெருமையை விற்றார்கள்.

கோயில் ஸ்பீக்கரும் செல்போனும்!

அது சரி, 'செல்' என்று ஏன் பெயர்?

ஆடி மாதத்தை நினைத்துப் பாருங்கள். பத்து ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய குழாய் ஸ்பீக்கர் கட்டினால் என்ன ஆகும்? பத்து ஊரிலும் ஒரே பாட்டுதான் கேட்கும். வேறு பாட்டுக்கு இடமில்லை. அதற்குப் பதில் ஊருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர், சத்தத்தைக் குறைத்து வைத்தால்? இந்த ஊரில் ஒரு பாட்டு, பக்கத்து ஊரில் வேறு பாட்டு. மூன்றாவது ஊரில் மறுபடி முதல் பாட்டையே போடலாம். ஒன்றோடு ஒன்று மோதாது.

செல்போன் டவரும் இப்படித்தான். வானொலி அலைவரிசை கொஞ்சம்தான் இருக்கிறது. ஆகவே ஊரைச் சின்னச் சின்ன வட்டங்களாகப் பிரித்தார்கள். தேன் கூட்டின் அறை மாதிரி. அந்த அறைக்குத்தான் 'செல்' என்று பெயர். அறைக்கு ஒரு டவர். எட்டத்தில் உள்ள அறையில் அதே அலைவரிசை மறுபடி வேலை செய்யும்.

நீங்கள் வில்லியனூரில் பஸ் ஏறிப் பேசிக்கொண்டே வருகிறீர்கள். ஒரு டவர் உங்கள் பேச்சை அடுத்த டவருக்குக் கொடுக்கிறது, ரிலே ஓட்டக்காரர் குச்சியைக் கொடுப்பது போல. வழியில் கண்டமங்கலம் தமிழ்நாடு. தாண்டினால் மறுபடி புதுச்சேரி. எல்லை தாண்டினால் பெட்ரோல் விலை மாறும். டவருக்கு எல்லை தெரியாது. செல்போன் கணக்கில் புதுச்சேரியும் தமிழ்நாட்டு வட்டத்துக்குள்தான்.

போன் அடிக்கும்போது காசு கிடையாது. எடுத்துப் பேசினால்தான் மீட்டர் ஓடும். இந்தச் சின்ன விதியை நம் ஜனங்கள் பிடித்துக்கொண்டதுதான் பெரிய தமாஷ். அதைப் பிறகு சொல்கிறோம்.

மந்திரிக்குப் போன முதல் கால்!

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31ந் தேதி. கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டிடத்தில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு பேசினார். டெல்லி சஞ்சார் பவனில் எடுத்தவர் மத்திய தகவல் தொடர்பு மந்திரி சுக்ராம். சேவை நடத்தியது மோடி டெல்ஸ்ட்ரா கம்பெனி. 

கட்டணம்? நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு. நெரிசல் நேரத்தில் 16 ரூபாய் 80 காசு! அதுவும் கூப்பிடுகிறவருக்கு மட்டும் இல்லை. யாராவது உங்களைக் கூப்பிட்டாலும் உங்களுக்குத்தான் பில். ராங் நம்பர் வந்தாலும் பில்! ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு ஒரு நிமிடத்தில் காலி.

சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்று இரண்டு கம்பெனிகள் களத்தில் இறங்கின. சென்னை தனி வட்டம். மற்ற தமிழ்நாடும் புதுச்சேரியும் வேறு வட்டம். தொழில் அதிபர் சிவசங்கரனின் ஏர்செல் 1999ல் தமிழ்நாட்டில் கடை விரித்தது.

அந்த நாளில் நம் பக்கத்து ஜனங்களுக்குப் போன் என்றால் என்ன? மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துதான். விசிட்டிங் கார்டில் 'பி.பி.' என்று போட்டு அடுத்த வீட்டு நம்பரை அச்சடித்தவர்கள் எத்தனை பேர்! ராத்திரி கட்டணம் குறையும் நேரம் பார்த்து பூத்து வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். கண்ணாடிக் கதவுக்குள் மீட்டர் ஓட ஓட நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் சார் அழுவாங்க, சிரிப்பாங்க எல்லாம். 'சரி வெச்சுடறேன், மீட்டர் ஓடுது'ன்னு சொல்லாத ஆளே கிடையாது" என்கிறார் கடைக்காரர்.

வில்லியனூரில் ஒரு புரட்சி!

செல்போன் பட்டணத்துக் கனவான்கள் கையில் இருந்த அதே காலத்தில், நம் புதுச்சேரிக் கிராமங்களில் வேறு ஒரு காரியம் நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்த காரியம்.

1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் கம்பி சரியில்லாத இடத்தில் வயர்லெஸ் கருவி. மின்சாரம் போனால் சூரிய ஒளி. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. 

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்ற தகவல்! அமெரிக்கக் கடற்படை வெளியிடும் கணக்கை வில்லியனூரில் இறக்கி, தமிழில் எழுதி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஸ்பீக்கர் கட்டிப் படிப்பார்கள். அதைக் கேட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

இதற்கு ஆயாவிடம் மாதம் 30 ரூபாய் யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பக்கத்துக் கேரளத்தில் இன்னொரு சம்பவம். 1997ல் இருந்து 2001க்குள் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரைகளில் செல்போன் டவர்கள் வந்தன. படகில் இருந்தபடியே மீனவர்கள் எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்க ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் இதைக் கணக்குப் பார்த்து 2007ல் வெளியிட்டார். மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்க முடியாமல் கடலில் கொட்டிய மீன் இல்லாமலே போயிற்று!

ஆக, போன் கெட்ட சரக்கு இல்லை. நல்ல சரக்குதான். சரக்கை விற்ற விதத்தில்தான் வில்லங்கம்.

கடலூர் ஷாம்புவும் பத்து ரூபாய் ரீசார்ஜும்!

விலை சரியத் தொடங்கியது எப்போது? 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்போன் சேவையைப் பிரதமர் வாஜ்பாய் லக்னோவில் தொடங்கி வைத்தார். 2003 மே 1ந் தேதி முதல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆயிற்று. அதே வருஷம் ஜூலையில் ரிலையன்ஸ், 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று அறிவித்து ஊரைக் கலக்கியது. 

அதே 2003ல் வந்ததுதான் நோக்கியா 1100. டார்ச் லைட் வைத்த போன்! தூசு புகாத பொத்தான். கரண்ட் போனாலும் கவலை இல்லை, கழனிக்கு ராத்திரி தண்ணீர் கட்டப் போனாலும் கவலை இல்லை. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற மாடல் அது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006ல் உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்துப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1ந் தேதி அதை இழுத்து மூடியபோது அவர்கள் கண் கலங்கி வெளியே வந்ததையும் நாம் பார்த்தோம்.

போன் மலிந்தது. பேச்சு மலிந்தது. ஆனால் மாதம் 300, 400 ரூபாய் மொத்தமாகக் கட்டக் கூலிக்காரரால் முடியுமா? இங்கேதான் ஒரு பழைய தந்திரம் கை கொடுத்தது.

அந்தத் தந்திரம் பிறந்தது நமக்குப் பக்கத்து ஊரான கடலூரில். பாட்டில் ஷாம்பு வாங்க முடியாதவர்களுக்குச் சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு போட்டு விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் 15 ஆயிரம் ரூபாய் முதலோடு சிக் ஷாம்பு ஆரம்பித்து நாடு முழுக்க விற்றார். 'பெரிய பாட்டில் வேண்டாம், இன்றைக்குத் தேவையானது மட்டும் போதும்' என்பது ஏழை வீட்டுக் கணக்கு.

செல்போன் கம்பெனிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. 10 ரூபாய்க்கு ரீசார்ஜ்! கடைக்குக் கடை போர்டு. மளிகைக் கடை, சலூன், டீக்கடை எல்லா இடத்திலும் அட்டை. நாணயத்தால் சுரண்டினால் நம்பர் தெரியும்.

"சுரண்டுற அட்டைன்னு பேரு வெச்சதே பொருத்தம் சார்" என்று சிரிக்கிறார் நம் கடைக்காரர். "பத்து ரூபா போட்டா வரி, கட்டணம் எல்லாம் போக ஏழு, ஏழரை ரூபாதான் பேச வரும். ஏழரை புடிச்ச மாதிரிதான்! எனக்கு நூறு ரூபாய்க்கு ரெண்டரை, மூணு ரூபா கமிஷன். ஆனா திட்டு மட்டும் முழுசா எனக்குத்தான்."

மிஸ்டு கால் ராஜ்யம்!

முன்னால் சொன்ன தமாஷ் இதுதான். எடுத்தால்தான் மீட்டர், அடித்தால் இல்லை. விடுவார்களா நம் ஜனங்கள்?

ஒரு ரிங் விட்டால் 'கிளம்பிட்டேன்'. இரண்டு ரிங் விட்டால் 'வந்துட்டேன், கதவைத் திற'. மூன்று ரிங் விட்டால் 'நீ கூப்பிடு, எங்கிட்ட காசு இல்லை'. காசு செலவில்லாமல் ஒரு தந்தி ஆபீசே நடத்தினார்கள்!

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? இந்த மிஸ்டு காலையே கடையாக்கிவிட்டார்கள். 'இந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம்' என்று சோப்புக் கம்பெனி முதல் அரசியல் கட்சி வரை விளம்பரம். பெங்களூரில் ஜிப்டயல் என்ற கம்பெனி 2010ல் இதற்கென்றே தொடங்கியது. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் டுவிட்டர் அதை விலைக்கு வாங்கியது! மின்சாரமும் டி.வி.யும் சரியாக எட்டாத பீகாரில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஒரு நம்பர் கொடுத்தது. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டுச் சினிமாப் பாட்டு போடும். நடு நடுவே சோப்பு, ஷாம்பு விளம்பரம். 2014ல் கேன்ஸ் விளம்பர விழாவில் அதற்குப் பரிசுகள் கிடைத்தன.

இதில் ஒரு நியாயம் இருந்தது. விளம்பரம் கேட்டாய், பாட்டு இலவசம் என்ற வெளிப்படையான பண்டமாற்று. ஆயாவின் பாட்டு அப்படி இல்லையே!

ஸ்டாரை அமுக்கு... சிக்கிக்கொள்!

கூப்பிடுகிறவருக்குப் பாட்டு கேட்கும் இந்த வித்தை தென்கொரியாவில் 2002ல் பிறந்தது. 2004 வாக்கில் நம் நாட்டுக்கு வந்தது. மாதம் 30 ரூபாய், பாட்டு மாற்ற 15 ரூபாய் என்ற கணக்கில் பல கம்பெனிகள் விற்றன. நண்பருக்குப் போன் போடும்போது பாட்டு பிடித்திருந்தால் ஸ்டார் பொத்தானை அமுக்கினால் போதும், அதே பாட்டு உங்களுக்கும் வந்துவிடும்.

விரும்பி வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது. புது மாப்பிள்ளை காதல் பாட்டு வைத்தார். பெட்டிக்கடைக்காரர் முருகன் பாட்டு வைத்தார். 

ஆனால் கேட்காமலே பாட்டு, ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர், ஜோக் என்று தலையில் கட்டப்பட்டு, பேலன்சு கரைந்தவர்களும் ஏராளம். புகார் குவிந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2011லும் 2013லும் உத்தரவு போட்டது. எந்தச் சேவையைக் கொடுப்பதானாலும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்றது. நிறுத்த 155223 என்ற பொது நம்பரும் வந்தது.

தீபாவளி, பொங்கல் நாளில் வாழ்த்து மெசேஜுக்குத் தனிக் கட்டணம் வாங்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். மாதம் முழுவதும் மெசேஜ் இலவசம் என்பார்கள். நாம் அனுப்ப நினைக்கிற அந்த ஒரு நாளில் மட்டும் 'பேக்' செல்லாது!

விளம்பர அழைப்பு இன்னொரு தலைவலி. சாப்பிட உட்கார்ந்தால் 'லோன் வேணுமா சார்?' கோயிலில் நின்றால் 'மனை வேணுமா சார்?' இதைத் தடுக்க 2007ல் ஒரு பதிவேடு வந்தது. போதவில்லை. 2011 செப்டம்பர் 27 முதல் 1909 என்ற நம்பரோடு கடுமையான விதி வந்தது. 2018ல் அதையும் திருத்தினார்கள். 

நம்பர் செத்தால் கடை செத்தது!

இன்னொரு பாடமும் இந்தக் கடைத்தெரு படித்தது. 2018 பிப்ரவரி. தமிழ்நாடு, புதுச்சேரி எங்கும் ஏர்செல் சிக்னல் திடீரென்று அவுட்! கடை வாசலில் கூட்டம். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்ற ஏப்ரல் 15 வரை தவணை கொடுத்தார்கள்.

கடை போர்டில் பெயிண்ட் அடித்த நம்பர், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த நம்பர், பாங்கியில் கொடுத்த நம்பர், எல்லாம் அந்தரத்தில்!

"மோட்டார் மெக்கானிக் ஒருத்தர் வந்து உட்கார்ந்துட்டார் சார். 'அண்ணே, என் கடைக்கு போர்டே அந்த நம்பர்தான். அது போனா நான் யாருன்னு யாருக்குத் தெரியும்?'ன்னார். மூணு நாள் அலைஞ்சு மாத்திக் கொடுத்தோம்."

2011 ஜனவரி 20ந் தேதி முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுவதும் இருந்ததால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் அம்போதான்.

என்ன செய்யலாம்?

இன்றைக்குப் பாட்டு விற்ற காலம் போய்விட்டது. பேச்சுக்குத் தனிக் காசு இல்லை. மாத பேக்கில் எல்லாம் அடக்கம். ஆனால் இன்டர்நெட்டே வேண்டாத ஆயாவும் அதற்குச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, பேச்சு, மெசேஜ் மட்டும் உள்ள பேக்கும் கட்டாயம் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அவற்றை வெளியிட்டன. ஆனால் கடையில் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். வீட்டில் பெரியவர்கள் பட்டன் போன் வைத்திருந்தால் "பேச மட்டும் உள்ள பேக் எது?" என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்:

விளம்பர அழைப்பு, மெசேஜ் வேண்டாம் என்றால் 1909க்குப் போன் செய்து பதியலாம். பதிந்த பிறகும் தொல்லை வந்தால் 7 நாளுக்குள் அதே நம்பரில் புகார் செய்யலாம்.

140 என்று தொடங்கும் நம்பர் விளம்பரத்துக்கு. 1600 என்று தொடங்குவது பாங்கு, இன்சூரன்ஸ், அரசாங்கம் ஆகியவற்றின் சேவை அழைப்புக்கு. சாதாரண பத்து இலக்க நம்பரில் இருந்து "பாங்கு மேனேஜர் பேசறேன்" என்றால் வையுங்கள் போனை!

மெசேஜ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஆங்கில 'பி' எழுத்து இருந்தால் அது விளம்பரம். 'ஜி' இருந்தால் அரசாங்கம்.

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930.

ஒரு போன் காலின் மதிப்பு!

கடைசியாக ஒன்று. போன் என்பது காசு பிடுங்கும் பெட்டி மட்டும்தானா? இல்லை என்று சொல்ல நம் புதுச்சேரிக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

2004 டிசம்பர் 26. சுனாமி நாள். நல்லவாடு மீனவர் கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். ஊரில் இருந்த காலத்தில் அங்குள்ள தகவல் மையத்தில் தொண்டு செய்தவர். கடல் கொந்தளிப்புச் செய்தி காதில் விழுந்ததும் ஊருக்குப் போன் போட்டார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று தகவல். "உடனே எல்லாரையும் வெளியேற்றுங்கள்!"

தகவல் மையத்து ஸ்பீக்கர் முழங்கியது. அலை உயரம் படித்த அதே திட்டத்து ஸ்பீக்கர்! ஏறத்தாழ 500 குடும்பங்கள் வீடு வாசலை விட்டு ஓடின. அலை வந்து படகுகளையும் வலைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. ஜனங்கள் பிழைத்தார்கள்.

சிங்கப்பூரில் இருந்து வந்த அந்தக் காலுக்கு நிமிடத்துக்கு என்ன கட்டணம் என்று யாராவது கேட்பார்களா?

நம் பூக்கார ஆயா கதைக்கு வருவோம். கடைக்காரர் அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். பாட்டை நிறுத்தினார்கள். காசு திரும்ப வரவில்லை. கடைக்காரரே தன் கைக்காசு 10 ரூபாயைப் போட்டு, திருப்பூருக்கு நம்பரைத் தட்டிக் கொடுத்தார்.

"என்ன பேசினாங்க தெரியுமா சார்? 'சாப்டியா? காய்ச்சல் விட்டுச்சா?' அவ்ளோதான். ஒரு நிமிஷம் கூட ஆகல. போனைக் கொடுத்துட்டு, கூடையிலேர்ந்து ஒரு முழம் மல்லிப்பூவ எடுத்து கடைல மாட்டியிருந்த சாமி படத்துக்குப் போட்டுட்டுப் போனாங்க."

மணி ஏழு. அடுத்த பஸ் வந்து நிற்கிறது. இறங்கிய இளைஞர் ஒருவர் போனைக் காதில் வைத்தபடியே கடைக்கு வருகிறார்.

"அண்ணே, எங்கம்மா போனுக்கு ஒரு ரீசார்ஜ்."

கடைக்காரர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கேட்கிறார்:

"பேசறதுக்கு மட்டும்தானப்பா?"